நீலம் ஏறாத நெற்பால்

எனக்குக் கல்யாணம் ஆகி, நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் மூன்று மாதம். தை கடைசியில் தாலி கட்டினார். வைகாசி பிறந்ததும் கப்பல் ஏறிவிட்டார். சைகோனில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. நெல்லையும் மரவள்ளிக் கிழங்கையும் அரைத்து, கரைத்து, காய்ச்சி, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற இடம். குப்பி கழுவுகிற ஆளாகச் சேர்ந்து, துரைக்குக் கூடமாட நிற்கிற அளவுக்கு வந்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லீவு. அடுத்த லீவில் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவர் வருவாரா என்பதுதான் அதற்குப் பிறகு என் வாழ்க்கையின் ஒரே கேள்வியாக இருந்தது.

என் அப்பா வில்லியனூரில் கடை வைத்திருந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்ததைத் தவிர எனக்கு ஒரு திறமையும் கிடையாது. நெல்லை மூட்டையில் பார்த்திருக்கிறேன், வயலில் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளைக் கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற மூன்று காணி நிலத்துக்கு மருமகளாக அனுப்பினார்கள்.

முதல் வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசியது, "தண்ணி குடு", "கதவ சாத்து" இவ்வளவுதான். பேசத் தெரியாதவர் இல்லை, என்னிடம் பேச என்ன இருக்கிறது என்று தெரியாதவர். எட்டாம் நாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு நின்றேன். பெட்டியிலிருந்து ஒரு பழுப்புநிறச் சீசாவை எடுத்து வந்தார். அதற்குக் கண்ணாடியிலேயே மூடி. இலை ஓரத்தில் இருந்த சோற்றில் ஒரு சொட்டு விட்டார். சோறு கறுநீலமாக மாறிவிட்டது.

"சோத்துல இன்னாங்க ஊத்துறீங்க? வெஷமா?" என்றேன். அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

சிரித்துவிட்டார். "காயத்துக்குப் போடற அயோடின்தான். மாவு எங்க இருக்குதோ அங்க கறுக்கும். மாவு இல்லாட்டி கறுக்காது. அது பொய் சொல்லாது."

அன்றைக்கு வீட்டில் இருந்த ஒரு பொருளும் தப்பவில்லை. வாழைக்காய் கறுத்தது, நன்றாகப் பழுத்த பழம் கறுக்கவில்லை. வெல்லம் கறுக்கவில்லை. அவர் வேட்டியின் கஞ்சி போட்ட ஓரம் கறுத்தது, அதைத் துவைத்து எடுப்பதற்குள் என் கை ஓய்ந்தது. கடைசியாக ஒரு பிடி சோற்றை என்னை வாயில் போட்டு நன்றாக மெல்லச் சொன்னார், விழுங்கக் கூடாது என்றார். மென்றதைக் கிண்ணத்தில் துப்பச் சொன்னபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துப்பினேன். கொஞ்ச நேரம் வைத்திருந்து சொட்டு விட்டார். கறுக்கவில்லை.

"ஒன் எச்சில்ல ஒரு ஆளு இருக்கான். மாவை ஒடச்சி சர்க்கரை ஆக்கறவன். தியாஸ்தாஸ்னு பேரு."

"ஒடைக்கறதுக்கு ஆளு இருந்தா, கட்டறதுக்கும் ஒரு ஆளு இருக்கணும் இல்ல? அவன் யாரு?"

அவர் கை சீசாவோடு அப்படியே நின்றது. கல்யாணப் பந்தலில்கூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை. "அதான் இன்னும் யாருக்கும் தெரியல. எங்க துரை கேக்கறதும் அதேதான்" என்றார். எங்கள் கல்யாணம் அன்றைக்குத்தான் நடந்தது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

பங்குனியில், கோடைப் போகமான நவரைப் பயிர் பால் பிடித்தது. காலையில் வெயில் ஏறுமுன் வயலுக்குக் கூட்டிப் போவார். ஒரு பச்சை நெல்லைக் கிள்ளி என் உள்ளங்கையில் பிதுக்குவார். வெள்ளையாக ஒரு துளி வரும். நக்கினால் இலேசாகத் தித்திக்கும். அந்தத் தித்திப்புதான் இலையிலிருந்து வந்த சர்க்கரை என்றார். வெயில் அடிக்கும்போது இலை சர்க்கரை செய்கிறது. அது தண்ணீரில் கரைந்து தண்டு வழியாகக் கதிருக்குப் போகிறது. நெல்லுக்குள் யாரோ ஒருவன் உட்கார்ந்து அந்தச் சர்க்கரையை ஒன்றோடு ஒன்றாகக் கோர்க்கிறான், பூக்காரி சரம் தொடுக்கிற மாதிரி. கோர்த்த பிறகு அது தித்திக்காது, தண்ணீரில் கரையாது. அதுதான் மாவு. வேகவைத்தால் அந்த ஆள் செத்துவிடுவான். தண்ணீர் வற்றினால் வேலையை நிறுத்திவிடுவான், நெல் உள்ளே ஒன்றுமில்லாத சாவியாகிவிடும். இவ்வளவையும் வரப்பில் குந்திக்கொண்டு சொன்னார். நான் கேட்டுக்கொண்டே அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அயோடின் கறை அதில் மஞ்சளாக ஊறியிருந்தது.

போகும்போது சீசாவை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு போகத்திலும் பூ வைத்த நாளிலிருந்து தினம் ஒரு நெல்லைப் பிதுக்கிச் சொட்டு விட்டு, எந்த நாளில் எவ்வளவு நீலம் ஏறுகிறது என்று எழுது என்றார். "நான் வரும்போது பாக்கறேன்" என்றார்.

எழுதினேன். வேறென்ன வேலை எனக்கு? வீட்டில் நானும் என் மாமியாரும். அவருக்குக் காது மந்தம். பசுமாட்டோடு நாள் முழுக்கப் பேசுவார். என்னிடம் பேசினால் நான் பதில் சொல்வேன், அது அவருக்குக் கேட்காது, அதனால் பேசுவதில்லை. கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள். கடைக்காரர் மகள், பிரஞ்சு படித்தவள், வயலில் போய் நெல்லுக்கு மருந்து போடுகிறவள். சில நாட்களில் சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, என் குரல் எனக்கே மறந்துவிடுமோ என்று பயந்து, உலையைப் பார்த்து ஏதாவது சொல்வேன். தனிமை என்றால் என்ன என்று யாராவது எழுதிக் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது நெல்லைப் பற்றி.

"ஆறாம் நாள் மங்கல் நீலம். பதினோராம் நாள் நல்ல நீலம். பதினெட்டாம் நாள் மை" என்று எழுதுவேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வரும்: "நல்லது. தொடர்ந்து செய்." அந்த நல்லது என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டுவேன். மாதம் ஒரு தடவை அவர் விட்டுப்போன வேட்டிகளைத் துவைத்து, வடித்த கஞ்சியில் முக்கி, காயப்போட்டு, மடித்துப் பெட்டியில் வைப்பேன். கட்டுகிற ஆள் இல்லாத வேட்டிக்குக் கஞ்சி எதற்கு என்று மாமியார் ஒரு தடவை கேட்டார். வந்து இறங்கியதும் கட்டிக்கொள்ள வேண்டாமா என்று கத்தினேன். கேட்டதோ என்னவோ, தலையை ஆட்டினார்.

அவருடைய கடைசிக் கடிதம்தான் நீளமானது, நாலு பக்கம். கட்டுகிற ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். இங்கிலாந்தில் யாரோ உருளைக்கிழங்குச் சாற்றை எடுத்து, பாஸ்பரஸ் ஒட்டிய ஒரு சர்க்கரையை அதில் கலந்து வைத்தார்களாம். செடி இல்லை, வெயில் இல்லை, வெறும் கண்ணாடிக் குப்பி. அயோடின் விட்டதும் நீலம் ஏறியதாம். குப்பிக்குள்ளேயே மாவு உண்டாகிவிட்டது. "நீ அன்றைக்குக் கேட்டாயே, அவன்தான் இவன்" என்று எழுதியிருந்தார். ஒரு வேடிக்கையும் சொல்லியிருந்தார். அந்த ஆளே நேரம் பார்த்து உடைக்கவும் செய்வானாம். எந்தப் பக்கம் சரக்கு அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து வேலை செய்வானாம். நான் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் கேட்ட ஒரு கேள்வியை அவர் இரண்டு வருஷம் ஞாபகம் வைத்திருந்தார், அது போதும் எனக்கு.

அதோடு கடிதம் நின்றது. ஜெர்மன்காரனிடம் பிரான்சு விழுந்துவிட்டது என்றார்கள். எங்கள் ஊர் சண்டையைத் தொடர்கிற பக்கம் சேர்ந்தது, சைகோன் பணிந்துபோன பக்கம் நின்றது. இரண்டு இடத்திலும் அதே கொடிதான், ஆனால் தபால் போகாது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். அந்தப் பக்கத்திலிருந்து இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கும் ஒரு வரியும் வரவில்லை. லீவு வரவேண்டிய வருஷம் வந்தது, போனது. இருக்கிறாரா, இல்லையா, அதுகூடத் தெரியவில்லை.

நான் நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. சொட்டு விடும்போது, இது கறுத்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கன்னியாஸ்திரீகள் கேட்டிருந்தால் முட்டி போடவைத்திருப்பார்கள். கறுக்காமல் எங்கே போகும்? நெல் என்றால் மாவு, மாவு என்றால் நீலம். நிச்சயம் ஜெயிக்கிற பந்தயத்தைத்தான் நான் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கையில், ஒரு மாசி மாதத்தில் சீசாவின் கண்ணாடி மூடி கை தவறி விழுந்து உடைந்தது. ஒரு தக்கையைச் செதுக்கினேன், தளர்ச்சியாக இருந்தது. பெட்டியில் இருந்த அவருடைய பழைய வேட்டி ஒன்று மடிப்பில் இற்றுப்போயிருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு கிழித்துத் தக்கையைச் சுற்றி இறுக்கி அடைத்தேன். அவர் துணி அவர் சீசாவைக் காக்கட்டும் என்று ஒரு சந்தோஷம் வேறு. சீசாவில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். வீட்டில் வீணாக்கக் கூடாது, சம்பா பால் பிடிக்கும்போது வயலில் மட்டும் எடுப்பது என்று மாடத்தில் வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை போட்டார்கள். மார்கழிப் பிறப்பில் எங்கள் சம்பா பால் பிடித்திருந்தது. பூ வைத்துப் பதினோரு நாள், நல்ல நீலம் ஏறவேண்டிய நாள் என்று அன்றைக்குத்தான் மாடத்திலிருந்து சீசாவை எடுத்துப் போனேன். ஒரு நெல்லைப் பிதுக்கினேன், பால் வந்தது. சொட்டு விட்டேன். கறுக்கவில்லை. இலேசான தேநீர் நிறத்தில் பாலோடு பால் கலந்து நின்றது. இன்னொரு நெல், அதுவும் அப்படியே. வேறு கதிர், வேறு வரப்பு. ஏழெட்டு நெல்லைப் பிதுக்கிப் பார்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் நீலம் ஏறவில்லை.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெல்லில் மாவு இல்லை என்பதை நான் இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

விளைச்சலில் பங்கு எடுத்துக்கொண்டு எங்கள் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர் அந்த நேரம் வந்தார். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அந்த ஊரில் என்னோடு நின்று பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "யம்மா, நாளைக்கு நம்ம மொற. வெடிகாலைலயே மடைய தொறந்துடறேன். இந்த ஒரு தண்ணி போதும், தேறிடும்" என்றார்.

"வேணாம் அண்ணே. நெல்லு சாவி. தண்ணிய பக்கத்து வயலுக்கு வுட்டுடுங்க, அவங்களாவது பொழைக்கட்டும்."

அவர் ஒரு நெல்லைக் கிள்ளிப் பல்லில் வைத்தார். "இன்னாம்மா சொல்ற? பால் நல்லாத்தானே கீது?"

"பால் இருக்குது, மாவு இல்ல. நான் பாத்துட்டேன். மருந்து பொய் சொல்லாது."

அவர் என் கையில் இருந்த சீசாவைப் பார்த்தார். முதலாளி கொடுத்த சீசா, சைகோன் சீசா. எழுதப் படிக்கத் தெரிந்த அம்மா சொல்கிறாள். அவர் வாயில் இருந்த பல் சொன்னதை அவரே நம்பாமல், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தண்ணீர் எங்கள் மடையைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போனது.

அன்றைக்கு ஏன் ஒரு பருக்கை சோற்றில் சொட்டு விட்டுப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். சீசா காலி என்பது ஒரு சாக்கு. உண்மை வேறு. மூன்று வருஷமாக எந்தச் சேதியும் இல்லாமல் இருந்தவளுக்கு ஏதோ ஒரு சேதி வந்துவிட்டது. அது கெட்ட சேதியாக இருந்தாலும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் குளித்துவிட்டு வந்து குங்குமச் சிமிழைத் திறக்கவில்லை. அந்த மாதம் வேட்டிக்குக் கஞ்சி போடவில்லை. நாலைந்து நாள் கழித்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி, நெத்தி வெறிச்சினு கெடக்குது?"

மறந்துவிட்டேன் என்று கையைக் காட்டினேன். அவர் உள்ளே போய்ச் சிமிழை எடுத்து வந்து, தன் கையாலேயே என் நெற்றியில் வைத்துவிட்டு மாட்டிடம் போய்விட்டார். காது கேட்காதவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நான் தொழுவத்துக்குப் பின்னால் போய் அழுதேன்.

தை அறுப்பில் எங்கள் களத்தில் தூற்றத் தூற்றப் பதர் பறந்தது. முக்கால்வாசி சாவி. பாலிலேயே காய்ந்து, தோலும் சுருங்கலுமாக நின்ற நெல். அண்ணன் ஒரு சின்னக் கட்டு மட்டும் தனியாகக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். பக்கத்து வயலின் வரப்பை ஒட்டி, கசிந்த தண்ணீரைக் குடித்து நின்ற ஒரு வரிசை. கதிர் தலையைத் தூக்க முடியாமல் கனத்துக் கிடந்தது. அதே விதை, அதே நாற்று, அதே நாளில் பூத்தது.

அதைக் கசக்கி, குத்தி, ஒரு பிடி சோறு வடித்தேன். ஆறியதும் சீசாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரைச் சோற்றில் விட்டேன். வெள்ளையாகவே இருந்தது. பொங்கல் பானை அரிசி எடுத்து அதில் விட்டேன். அதுவும் வெள்ளை. அப்போதுதான் தக்கையைப் பார்த்தேன். சுற்றியிருந்த வேட்டித் துணி உள்பக்கம் முழுக்க மை போலக் கறுத்துக் கிடந்தது. மாதா மாதம் நான் போட்ட கஞ்சி, அந்தத் துணியில் இருந்த மாவு, ஒரு வருஷமாக உட்கார்ந்து சீசாவில் இருந்த அயோடினைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. எட்டாம் நாளே அவர் வேட்டி ஓரம் கறுத்ததைக் கண்ணால் பார்த்தவள், துவைத்தவள் நான். அயோடின் பொய் சொல்லவில்லை. சொல்வதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. நெல்லைக் கொன்றது நான். அண்ணன் வீட்டில் ஐந்து பேர் அந்த வருஷம் கேழ்வரகுக் கூழோடு நின்றார்கள், நாங்களும்தான். அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று அவர் பெண்சாதி முன்னால் சொன்னேன். "போவட்டும்மா" என்றார். அதற்கு மேல் அவர் மறுபடி என்னிடம் பழையபடி பேச ஒரு வருஷம் ஆனது. இவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் என் மனசு துள்ளிக்கொண்டிருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. சீசாதான் செத்தது. அப்படியானால் அவர் இருக்கிறார். அன்றைக்கே பெட்டியைத் திறந்து எல்லா வேட்டிக்கும் கஞ்சி போட்டேன்.

அவர் இருக்கத்தான் செய்தார். யுத்தம் முடிந்து, பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கடிதம் வர ஆரம்பித்தது. எங்களுக்கு வரவில்லை. ஒரு நாள் காலை பாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். சைகோனில் பிரஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நல்லா கீறார்மா. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. அதே எடத்துலதான் வேலை." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "அங்கியே ஒரு குடும்பம் ஆயிடிச்சி. அந்த ஊரு பொண்ணு. ரெண்டு புள்ளைங்க."

"பெரிசுக்கு எத்தினி வயசு?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஏழு இருக்கும்."

கணக்குப் போட்டேன். அந்த நாலு பக்கக் கடிதம் எழுதியபோது அந்தப் பிள்ளை தவழ்ந்திருக்கும்.

மாமியார் என் தோளைத் தொட்டு, "இன்னா சொல்றான்?" என்றார். அவர் காதில் வாயை வைத்து, "நல்லா இருக்கறாராம்" என்று கத்தினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சாகிற வரைக்கும் அவருக்குத் தெரிந்தது அந்தப் பாதிதான்.

போகும்போது அந்த மனிதர் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு புதுச் சீசா, கண்ணாடி மூடியோடு. "பழசு தீந்திருக்கும், இத்த குடுத்துடுன்னார். நெல்லு கணக்கு எழுதறீங்களான்னு கேட்டார்."

வேட்டிகளை அண்ணனுக்குக் கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தை அடுப்பில் வைக்கப் போய், வைக்காமல் திரும்பினேன். அயோடினைக் களையெடுக்கிற பெண்களின் காலில் சேற்றுப்புண்ணுக்கும், மாட்டின் கொம்பு குத்திய காயத்துக்கும் போட்டுத் தீர்த்தேன். அதற்குப் பிறகு கிணற்றடியில் என்னிடம் பேசினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே அதே அமைதிதான்.

வெகு காலம் கழித்து, என் தங்கை மகள் புதுச்சேரியில் காலேஜில் தாவர சாஸ்திரம் படித்தாள். லீவுக்கு என்னிடம் வந்தவள் புத்தகத்தை விரித்துவைத்து உருப்போட்டுக்கொண்டிருந்தாள். மாவு கட்டுகிற கதை அதில் இருந்தது. மாவைக் கோர்க்கிறது ஒரு நொதியாம். கிளை வைக்கிறது இன்னொன்றாம். தப்பாக முளைத்த கிளையைக் கழிக்கிறது வேறொன்றாம். முதல் நொதி எடுத்துக்கொள்கிற சர்க்கரையே வேறாம், அதில் ஒட்டியிருப்பது வெறும் பாஸ்பரஸ் இல்லையாம். உருளைக்கிழங்குச் சாற்றில் கண்டுபிடித்த ஆள் எங்கே என்று கேட்டேன். புரட்டிப் பார்த்தாள். அது குப்பியில் கட்டியது நிஜம்தான், ஆனால் செடிக்குள் அது பெரும்பாலும் உடைக்கிற பக்கம்தான் நிற்கிறது பெரியம்மா, அப்போது எல்லாரும் தப்பாக நினைத்துவிட்டார்கள் என்றாள்.

என் வீட்டுக்காரர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முகவரியும் கிடைத்திருந்தது, வருஷக்கணக்காக மாடத்தில் கிடந்தது. அன்றைக்கு அதை எடுத்து ஒரு கடிதம் எழுதினேன். குற்றம் சொல்லவில்லை, நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "நீங்கள் எழுதினீர்களே, கட்டுகிறவன் அவன் இல்லையாம். அவன் உடைக்கிறவனாம்" என்று மட்டும் எழுதி, நானே பாகூருக்கு நடந்துபோய்த் தபாலில் போட்டேன்.

கடிதம் திரும்பி வரவில்லை, அதனால் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வரவில்லை. இந்தத் தடவை எங்களுக்கு நடுவில் யுத்தம் எதுவும் இல்லை. தபால் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.